வேலியில்லா வேகம்: பொதுச்சாலைகளில் தொடக்ககால மோட்டார் பந்தயங்கள்

மோட்டார் பந்தயத்தின் முதல் பத்தாண்டுகள் பொதுச்சாலைகளில் கழிந்தன. ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடிந்த அப்பந்தயங்கள், மாட்டுவண்டியும் பாதசாரியும் பள்ளிப் பிள்ளைகளும் அன்றாடம் பயன்படுத்திய அதே சாலைகளின் வழியே, ஊர்களின் வாசற்படியை உரசிக்கொண்டு சென்றன. அவை ஏன் அத்தனை ஆபத்தானவையாக இருந்தன என்ற கேள்விக்கும், ஏன் அத்தனை லட்சம் மக்களை ஈர்த்தன என்ற கேள்விக்கும் வழக்கமாகத் தனித்தனி விடைகள் தரப்படுகின்றன; இயற்பியலின் துணையோடு பார்த்தால் இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது புலப்படும். குதிரையின் வேகத்துக்குப் பழகிய சாலையிலும் குதிரையின் வேகத்துக்குப் பழகிய கண்களின் முன்னாலும், அந்த வேகத்தைப் பல மடங்கு மிஞ்சிய ஓர் எந்திரம் எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓடியது என்பதே அந்த விடை.

எட்டு ஆண்டுகளில் நான்கு மடங்கு

1894 ஜூலையில் 'லெ பெத்தி ஜூர்னால்' என்ற பாரிஸ் நாளிதழ் நடத்திய பாரிஸ்–ரூவான் போட்டியே முதல் மோட்டார் போட்டியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் விதிகள் வேகத்துக்குப் பரிசு தரவில்லை. ஆபத்தில்லாததும் எளிதாகக் கையாளத்தக்கதும் ஓட்டுவதற்குச் செலவு குறைந்ததுமான வாகனத்தையே தேடின. ஆகவே, முதலில் வந்து சேர்ந்த தெ தியோன் பிரபுவின் நீராவி வண்டிக்கு, கொதிகலனைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்ட காரணத்தால், முதற்பரிசு மறுக்கப்பட்டு, பெட்ரோல் எந்திரம் பொருத்திய பனார், பெஜோ நிறுவனங்களுக்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது.

மறு ஆண்டு நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. 1,178 கிலோமீட்டர் தொலைவை எமில் லெவசோர் ஏறத்தாழ 48 மணி 48 நிமிடங்களில், பெரும்பாலும் தாமே ஓட்டிக் கடந்தார். அவருடைய வண்டியில் இரண்டு இருக்கைகளே இருந்தமையால் விதிப்படி முதற்பரிசு பின்னால் வந்த பெஜோ வண்டிக்குப் போனது. எனினும் மக்கள் வெற்றியாளராக நினைவில் வைத்துக்கொண்டது லெவசோரைத்தான். விதிகள் எதைப் போற்றினாலும் பார்வையாளர் போற்றுவது வேகத்தையே என்பதை அமைப்பாளர்கள் விரைவில் கற்றுக்கொண்டனர்.

லெவசோரின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். அவருடைய எந்திரத்தின் திறன் ஏறத்தாழ 4 குதிரைத்திறன். 1901-இல் பாரிஸ்–போர்தோ பந்தயத்தை மோர்ஸ் வண்டியில் வென்ற ஆன்ரி ஃபூர்னியே மணிக்கு 85 கிலோமீட்டரை எட்டினார். 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தின் முதற்கட்டமான வெர்சாய்–போர்தோ சாலையின் 552 கிலோமீட்டரை ஃபெர்னான் காப்ரியேல் 5 மணி 14 நிமிடங்களில் கடந்தார். சராசரி வேகம் 105 கிலோமீட்டர், எந்திரம் 70 குதிரைத்திறன். வண்டியின் எடை 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதி 1902 முதல் நடைமுறையில் இருந்தபோதிலும், எடைக்குக் கட்டுப்பாடு உண்டு, எந்திரத்தின் கொள்ளளவுக்கு இல்லை என்பதைக் கண்ட உற்பத்தியாளர்கள், 11 லிட்டருக்கும் மேற்பட்ட எந்திரங்களைப் பொருத்திவிட்டு, அடிச்சட்டத்திலும் இருக்கையிலும் மிதிகளிலும் துளைகளிட்டு எடையைக் குறைத்தனர். விபத்துகளைக் குறைக்க உதவும் என்று எதிர்பார்க்கப்பட்ட விதி, உறுதி குறைந்த சட்டத்தின் மேல் பேராற்றல் கொண்ட எந்திரம் அமர்ந்த வண்டிகளைத் தோற்றுவித்தது.

நிறுத்துவதன் கணக்கு

இயங்கும் பொருள் ஒன்று தன் இயக்கத்தால் கொண்டிருக்கும் ஆற்றல் இயக்க ஆற்றல் எனப்படும். அது வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் வளர்வது. அதாவது வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 24-இலிருந்து 105-க்கு உயர்ந்த வேகம் நான்கு மடங்குக்குச் சற்றே கூடுதலான உயர்வாகத் தோன்றினாலும், ஒவ்வொரு கிலோ எடைக்குமான இயக்க ஆற்றல் அதனால் 19 மடங்காகியது. நேரான சாலைகளில் முன்னணி வண்டிகள் 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சென்றன. அந்த வேகத்தில் ஒரு மரத்தில் மோதுவது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்துக்குச் சற்றே குறைவாக, 57 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும்.

இந்த ஆற்றலைத் தணிக்கும் கருவிகளோ அதே வீதத்தில் வளரவில்லை. அக்காலப் பந்தய வண்டிகளில் பிரேக்குகள் பின்சக்கரங்களிலும், எந்திரத்தின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் தண்டிலும் மட்டுமே இருந்தன. வண்டி வேகம் குறையும்போது அதன் எடை முன்சக்கரங்களின் பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை குறைகிறது. பிரேக் எவ்வளவு வலிதாக இருந்தாலும் தரைக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள உராய்வு போதாமல் சக்கரம் வழுக்குகிறது. உதிர்ந்த கற்களும் தூளும் நிறைந்த சாலையில் இத்தகைய வண்டியின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 3 மீட்டர் வீதம் குறைக்க முடியும் என்று தாராளமாகவே கொண்டாலும், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து செயல்பட எடுக்கும் ஒரு நொடியையும் சேர்த்தால், 24 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 120 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 220 மீட்டர் வேண்டும். வளைவுகளும் மேடுகளும் கொண்ட நாட்டுப்புறச் சாலையில் அவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடங்கள் அரிது.

டயர்களின் நிலையும் இதுவே. காற்றடைத்த டயரை மிஷலின் சகோதரர்கள் 1895 பந்தயத்திலேயே ஒரு பெஜோ வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டியிருந்தனர். அதிர்வைக் குறைத்ததன் மூலம் உயர்வேகத்தைச் சாத்தியமாக்கிய அந்தக் கண்டுபிடிப்பே உயர்வேகத்தின் பலவீனமான கண்ணியாகவும் அமைந்தது. ரப்பருக்குள் இருந்தது குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் டயர் நசுங்கி விரிய, அந்த நூல்கள் ஒன்றையொன்று அரத்தைப் போல் அறுத்துக்கொண்டு சூடேறின. கூரிய கற்களும் குதிரை லாடத்தின் ஆணிகளும் எஞ்சிய வேலையைச் செய்தன. ஓட்டுநரின் அருகில் அமர்ந்து எண்ணெய் விடவும் டயர் மாற்றவும் பின்னால் வருவோரைக் கவனிக்கவும் பொறுப்பேற்ற மெக்கானிக், பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் கூட இல்லாத நிலையில் இந்த ஆபத்துகள் அனைத்தையும் பகிர்ந்துகொண்டார்.

புழுதியின் இயற்பியல்

அன்றைய பிரான்சின் நெடுஞ்சாலைகள் மெக்காடம் முறையில் அமைந்தவை. உடைத்த கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கி, அவற்றின் இடைவெளிகளைக் கல்தூள் நிரப்பிப் பிணைக்கும்படி விடுவது இம்முறை. வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் கற்களை மேலும் நொறுக்கி, தூளை உள்ளே அழுத்தி, சாலையைத் தொடர்ந்து இறுக்கிக்கொண்டிருந்தன. விரைந்து சுழலும் ரப்பர் டயர் இதற்கு நேர்மாறாகச் செயல்பட்டது. அது தூளைத் தரையிலிருந்து பிடுங்கியெடுக்க, வண்டியின் பின்னால் உருவாகும் காற்றுச் சுழல் அதை மேலே தூக்கியது. பல பத்தாண்டுகளாகச் சாலையைக் காத்துவந்த பிணைப்பு, மோட்டார் வண்டியின் பின்னால் மேகமாக எழுந்தது.

அந்த மேகம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பாகுத்தன்மை கொண்ட ஊடகத்தில் சிறு துகள்கள் விழும் வேகத்தைக் கூறும் ஸ்டோக்ஸ் விதியால் கணக்கிடலாம். மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள கல்தூள் துகள், அசையாத காற்றில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இறங்குகிறது. ஒரு மீட்டர் உயரம் விழ அதற்கு ஏறத்தாழ 2 நிமிடங்கள் பிடிக்கும். பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் வண்டிகள் புறப்பட்டதோ ஒரு நிமிட இடைவெளியில். வறண்ட, காற்றடிக்காத நாளில், முன்னால் சென்ற வண்டியின் புழுதி அடங்குமுன் அடுத்த வண்டி அதற்குள் நுழைந்துவிடும்.

வண்டிகளைத் தனித்தனியே பிரித்துவைப்பதற்காக வகுத்த அந்த இடைவெளி, வேறொரு வகையிலும் போதாமல் போனது. மணிக்கு 80 கிலோமீட்டர் சராசரியில் செல்லும் வண்டி போர்தோவை அடைய 6 மணி 54 நிமிடங்கள் எடுக்கும். 105 கிலோமீட்டர் சராசரியில் செல்வது 5 மணி 15 நிமிடங்களில் அடைந்துவிடும். இரண்டுக்கும் 99 நிமிட வேறுபாடு இருப்பதால், பின்னால் புறப்பட்ட விரைவு வண்டி ஒன்று, தனக்கு முன் சென்ற மெதுவான வண்டிகளில் ஏறத்தாழ 100 வரை ஒவ்வொன்றாக முந்த வேண்டியிருக்கும். முந்தும் ஒவ்வொரு முறையும் புழுதி மேகத்துக்குள் கண்மூடி நுழைவதற்குச் சமம். சாலை தெரியாத நேரங்களில் ஓட்டுநர்கள் மேகத்துக்கு மேலே தெரிந்த மரங்களின் உச்சிகளைப் பார்த்துச் சாலையின் போக்கை ஊகித்தனர். பிரெஞ்சு மோட்டார் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரும் முந்தைய ஆண்டின் பாரிஸ்–வியன்னா பந்தயத்தை வென்றவருமான மார்செல் ரெனால்ட், புவாத்தியேவுக்குத் தெற்கே கூஏ-வெராக் என்ற ஊரருகே, இவ்வாறு முன்வண்டியின் புழுதிக்குள் முந்த முயன்றபோதே சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தார். இரண்டு நாட்களுக்குப் பின் உயிரிழந்தார்.

கண்ணின் அளவுகோல்

பந்தயத்தில் ஈடுபட்டவர்களைப் புழுதியும் பிரேக்கும் அச்சுறுத்தின என்றால், சாலையோரத்தில் நின்றவர்களை அவர்களுடைய கண்களே ஏமாற்றின. நேர்முகமாக நெருங்கி வரும் பொருள் பக்கவாட்டில் நகர்வதில்லை ஆதலால், அது வருகிறது என்பதற்குக் கண்ணுக்குக் கிடைக்கும் முதன்மையான தடயம், விழித்திரையில் அதன் பிம்பம் பெரிதாகும் வீதம்தான். பொருள் பாதித் தொலைவுக்கு நெருங்கும்போது பிம்பத்தின் அகலம் இரட்டிக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் வண்டி 400 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்கு நெருங்க 6 நொடிகள் ஆகும். அந்த 6 நொடிகளில் சிறுபுள்ளி ஒன்று சற்றுப் பெரிய புள்ளியாவதைத் தவிர வேறெதுவும் நிகழ்வதில்லை. அடுத்த இரட்டிப்புக்கு 3 நொடிகள், அதற்கடுத்ததற்கு ஒன்றரை நொடி. அதன்பின் எஞ்சியிருப்பது 50 மீட்டரும் ஒன்றரை நொடியும் மட்டுமே. மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் குதிரை வண்டி அதே 50 மீட்டரைக் கடக்க 12 நொடிகள் எடுக்கும். வாழ்நாள் முழுவதும் குதிரை வண்டிகளைப் பார்த்துப் பழகிய ஒருவர், "இன்னும் நேரம் இருக்கிறது" என்று முடிவெடுத்தது அலட்சியத்தால் மட்டும் அன்று. அதுவரை ஒருபோதும் பொய்க்காத ஓர் அளவுகோலை அவர் நம்பியதாலும்தான்.

நாய்களுக்கும் கால்நடைகளுக்கும் இந்தக் கணிப்பு மேலும் கடினமானது. 1896 பாரிஸ்–மார்செய்–பாரிஸ் பந்தயத்தில் லெவசோரின் வண்டி கவிழ்ந்தது குறுக்கே வந்த நாயால். அவ்விபத்தில் காயமுற்ற அவர் அடுத்த ஆண்டு மறைந்தார். 1903 பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் லிபூர்ன் அருகே லொரேன் பாரோ என்ற ஓட்டுநரின் வண்டி ஒரு நாயின் மேல் ஏறிக் கட்டுப்பாடிழந்து மரத்தில் மோத, மெக்கானிக் அங்கேயே இறந்தார். பாரோவும் பின்னர் உயிரிழந்தார். அங்குலேம் நகரில் சாலைக்குள் வந்துவிட்ட ஒரு குழந்தையைக் காக்க முயன்ற படைவீரர் ஒருவர் பந்தய வண்டி மோதி இறந்தார். வெர்சாயிலிருந்து புறப்பட்ட ஒரே நாளில், பந்தயத்தினரும் பார்வையாளர்களுமாகக் குறைந்தது 8 பேரை அந்தச் சாலை பலிகொண்டது.

கைக்கெட்டும் தொலைவில்

இவ்வளவு ஆபத்து இருந்தும் மக்கள் ஏன் வந்தனர்? வெர்சாயில், பொழுது விடியுமுன், ஏறத்தாழ 1 லட்சம் பேர் கூடியிருந்ததாகவும், போர்தோ வரையிலான சாலையோரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நின்றதாகவும் அக்காலச் செய்திகள் மதிப்பிட்டன. மிதிவண்டிகளில் காகித விளக்குகளைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் பாரிஸிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்கள் சாலையின் ஓரத்தில் மட்டும் நிற்கவில்லை. சாலையின் மேலேயே நின்று, வண்டி அருகில் வந்தபோது இரண்டாகப் பிரிந்து வழிவிட்டு, அது சென்றதும் மீண்டும் மூடிக்கொண்டனர். முதலாவதாகப் புறப்பட்ட ஆங்கிலேய ஓட்டுநர் சார்ல்ஸ் ஜாரட்டுக்கு முன்னால் தெரிந்தது சாலையாக இல்லை, மனிதச் சுவராகவே இருந்தது.

வேகம் அவர்களுக்குப் புதிதன்று. விரைவு ரயில்கள் மணிக்கு 100 கிலோமீட்டரை ஏற்கெனவே எட்டியிருந்தன. ஆனால் ரயில் தனக்கென்று வகுத்த தண்டவாளத்தில், வேலிக்கு அப்பால், எவரும் மாற்ற முடியாத பாதையில் செல்வது. பந்தய வண்டியோ, நேற்று வைக்கோல் வண்டி சென்ற சாலையில், முகம் தெரியும் ஒரு மனிதரின் கையசைவுக்குக் கட்டுப்பட்டு, ஒவ்வொரு கணமும் வேறுவிதமாகப் போகக்கூடிய நிலையில் சென்றது. பார்க்கக் கட்டணமும் இல்லை. பந்தயம் தானாகவே வீட்டு வாசலுக்கு வந்தது.

புலன்களின் கணக்கும் இந்த ஈர்ப்பை விளக்குகிறது. இரண்டு மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு, மணிக்கு 120 கிலோமீட்டரில் கடக்கும் வண்டி, மிக அருகில் வரும் கணத்தில் நொடிக்கு 900 பாகைக்கும் மேற்பட்ட கோண வேகத்தில் நகர்கிறது. நகரும் பொருளைச் சீராகத் தொடரும் கண்ணின் திறன் ஏறத்தாழ 100 பாகையோடு முடிந்துவிடுவதால், அவர் வண்டியைக் காண்பதே இல்லை. ஒரு கீற்றையும் காற்றின் அறைதலையும் மட்டுமே உணர்கிறார். ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போது சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பது டாப்ளர் விளைவு எனப்படும். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் செல்லும் வண்டி கடக்கும் நொடியில், அதன் உறுமல் கர்நாடக இசையின் சாதாரண காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் அளவுக்குத் தாழ்கிறது. அருகில் நின்றால் இந்தச் சரிவு திடீரென்று நிகழ்கிறது. தள்ளி நின்றால் மெல்ல நிகழ்கிறது. பார்வையாளர் ஒவ்வோர் அடி முன்னே வரும்போதும் அனுபவம் தீவிரமடைந்தது; தப்பிக்கக் கிடைக்கும் நேரம் குறைந்தது. ஆபத்தையும் ஈர்ப்பையும் தீர்மானித்தது ஒரே அளவு, வண்டிக்கும் உடலுக்கும் இடைப்பட்ட தொலைவு.

இதில் வணிகத்துக்கும் பங்குண்டு. 1903-இல் உலகிலேயே மிகுதியான மோட்டார் வண்டிகளைத் தயாரித்த நாடு பிரான்ஸ். பந்தயம் அத்தொழிலுக்குச் சோதனைக்கூடமாகவும் விளம்பரமாகவும் இருந்தது. மக்களிடமிருந்து விலகி ஓடும் பந்தயத்தால் அந்த விளம்பரத்தைத் தர இயலாது என்பதையும் உற்பத்தியாளர்கள் அறிந்திருந்தனர்.

சாலையிலிருந்து சுற்றுப்பாதைக்கு

உயிரிழப்புகளைத் தொடர்ந்து, எமில் கோம்ப் தலைமையிலான பிரெஞ்சு அரசு பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்தியது. 200-க்கும் மேற்பட்டவை புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் போர்தோவை அடைந்த வண்டிகள், எந்திரத்தை இயக்க அனுமதிக்கப்படாமல், குதிரைகளால் ரயில் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டன. ஊர்விட்டு ஊர் செல்லும் பெரும்பந்தயங்களின் காலம் அங்கே பெரும்பாலும் முடிந்தது.

மாற்றுவழி ஏற்கெனவே தோன்றியிருந்தது. 1902-இல் பெல்ஜியத்தின் ஆர்தென் பகுதியில், பொதுச்சாலைகளையே இணைத்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் சுற்றுள்ள மூடிய பாதை ஒன்று அமைக்கப்பட்டு, வண்டிகள் அதையே பலமுறை சுற்றிவந்தன. பாதை குறுகியதால் காவலர்களை நிறுத்துவதும் குறுக்குச் சாலைகளை அடைப்பதும் இயலக்கூடியவையாயின. 1903 ஜூலையில் அயர்லாந்தின் ஆதை நகரைச் சுற்றி, தனிச் சட்டம் ஒன்றின் துணையோடு நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் இம்முறையைப் பின்பற்றி உயிர்ச்சேதமின்றி முடிந்தது. 1906-இல் லெ மான் நகரருகே முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்தபோது, 103 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் முக்கியமான இடங்களில் வேலிகள் எழுப்பப்பட்டன. புழுதியை அடக்கச் சாலையில் தார் பூசப்பட்டது. மொனாக்கோவில் 1902-இல் மருத்துவர் எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி சாலைக்குத் தார் பூசிச் சோதித்திருந்த முறையே இதற்கு முன்னோடி. வெயிலில் உருகிய தாரும் தெறித்த கற்களும் ஓட்டுநர்களின் கண்களைப் புண்ணாக்கியபோதிலும், பந்தயம் வெளிக்கொணர்ந்த புழுதிச் சிக்கலுக்கு உலகம் பின்னர் ஏற்றுக்கொண்ட தீர்வு தாரே. இங்கிலாந்தில் பொதுச்சாலைப் பந்தயத்துக்குச் சட்டம் இடந்தராததால் 1907-இல் புரூக்லண்ட்ஸ் என்ற தனிப் பந்தயத் தடமே கட்டப்பட்டது.

எனினும் திறந்த சாலையின் கவர்ச்சி முற்றிலும் மறையவில்லை. 1927-இல் தொடங்கி இத்தாலியின் பிரெஷா நகரிலிருந்து ரோம் சென்று திரும்பிய மில்லே மிலியா என்ற ஆயிரம் மைல் பந்தயம், 1957-இல் குவிதிட்ஸோலோ ஊரருகே அல்ஃபோன்ஸோ தெ போர்தாகோவின் ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்து, அவரும் உடன் சென்றவரும் 5 குழந்தைகள் உள்ளிட்ட 9 பார்வையாளர்களும் இறந்தபின் வேகப்பந்தயமாக நடத்தப்படவில்லை. மேன் தீவின் 60 கிலோமீட்டர் மலைச்சாலையில் மோட்டார்சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. அந்தப் பாதை இதுவரை 250-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயமும் பொதுச்சாலையில் ஓடியதே, ஆனால் 3.5 கிலோமீட்டர் பாதை முழுவதும் தடுப்புகளுக்குள் அடைபட்ட அந்தச் சாலை, பந்தய நாட்களில் பொதுச்சாலையாக இருக்கவில்லை.

பிரிப்பதா, தணிப்பதா

1903-இன் அமைப்பாளர்கள் கூட முற்றிலும் முன்யோசனை அற்றவர்களாக இருக்கவில்லை. பெரிய ஊர்களில் பந்தய நேரம் கணக்கில் சேர்க்கப்படாத பகுதிகளை வகுத்து, மிதிவண்டிக்காரர் ஒருவரின் பின்னால் வண்டிகள் மெதுவாகச் செல்லும்படி அவர்கள் விதித்திருந்தனர். ஆக, விரையும் எந்திரத்தையும் மனித உடலையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதற்கு உள்ள இரண்டு வழிகளும் அப்போதே கண்டறியப்பட்டிருந்தன. ஒன்று, வேகத்தை அப்படியே விட்டு மக்களை வேலியால் பிரிப்பது. மற்றொன்று, மக்களை அப்படியே விட்டு வேகத்தைத் தணிப்பது. பந்தயம் முதல் வழியைத் தேர்ந்துகொண்டு, கைக்கெட்டும் தொலைவின் கிளர்ச்சியை விலையாகக் கொடுத்துப் பார்வையாளரின் உயிரைக் காத்தது.

அன்றாடச் சாலைகளோ இந்தத் தேர்வை முழுமையாகச் செய்யவே இல்லை. ஊர்களை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையைக் கடக்கும் பாதசாரி, தொலைவில் தெரியும் வண்டியின் வேகத்தை, 1903-இன் கூட்டம் பயன்படுத்திய அதே விழித்திரையைக் கொண்டே கணிக்கிறார். 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட, சாலை மரணங்களை முற்றிலும் ஒழிக்கும் நோக்குடைய கொள்கை, மனிதர் தவறு செய்வர் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, பாதசாரிகளும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரை மிஞ்சக் கூடாது என்று வலியுறுத்துகிறது. காப்ரியேலின் சராசரி வேகத்தோடு ஒப்பிட்டால் அந்த வேகத்தில் இயக்க ஆற்றல் பன்னிரண்டில் ஒரு பங்கே. பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் மெய்ப்பித்த உண்மை இதுவே: வேலி இல்லாத இடத்தில் வேகத்துக்கான வரம்பை எந்திரத்தின் திறனையோ ஓட்டுநரின் துணிவையோ கொண்டு வகுக்க முடியாது, சாலையில் நிற்கும் மனிதரின் கண்ணும் எலும்பும் தாங்கும் அளவைக் கொண்டே வகுக்க வேண்டும்.